மூன்று எழுத்து அடித்தோம், நான்கு முகம் வந்தது

விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டில் சிவகாசி வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது காலை 9:20. டிக்கெட் 25 ரூபாய். பையில் தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, இரண்டு பேனா. ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருந்தேன்.

சந்தேகம் என் அக்கா மகளுடையது. திருத்தங்கலில் இருக்கிறாள், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறாள். ஞாயிறுதோறும் சிவகாசியில் ஒரு சென்டரில் சி மொழி வகுப்பு. முந்தின ராத்திரி போனில் சொன்னாள்: "மாமா, ஒரே ப்ரோகிராம்தான். சென்டர்ல போட்டா ஒழுங்கா முடியுது. என் போன்ல போட்டா நிக்கவே மாட்டேங்குது. ஸ்கிரீன் பூரா கேள்விக்குறியா ஓடுது." கேட்ட இடத்தில் எல்லாம், போனில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"என்ன ப்ரோகிராம்?"

"ஒண்ணுமில்ல மாமா. கெட்சார், புட்சார். ஒரு எழுத்தை வாங்கணும், அப்படியே திருப்பிப் போடணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். நானும் 1990-களில் இதைப் படித்தவன். "கெட்சார் விசைப்பலகையிலிருந்து ஒரு எழுத்தை வாங்கும், புட்சார் திரையில் ஒரு எழுத்தைப் போடும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையே பரீட்சையில் எழுதினேன், இரண்டு மார்க் வந்தது. அந்த இரண்டு வரியும் எந்த அளவுக்கு உண்மை என்று ஒரு முறைகூட மெஷின் முன்னால் உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததில்லை. அது இத்தனை வருஷமாக மனதில் ஓர் ஓரத்தில் கிடந்தது.

ஆமத்தூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடை போர்டுகள். தள்ளுபடி சதவீதம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு 70, 80, 90 என்று ஏறிக்கொண்டே போகிறது. கடைகளுக்குப் பின்னால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவே தள்ளித்தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள். பட்டாசு மருந்து புழங்கும் அறை ஒன்றில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடைவெளி விட்டிருப்பது பஸ் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. அன்று லீவு நாள், ஆள் நடமாட்டம் இல்லை.

திருத்தங்கலில் அவள் ஏறிக்கொண்டாள். "இறங்கிராதீங்க மாமா" என்று முன்கூட்டியே போன் செய்திருந்தாள். உட்கார்ந்ததும் போனை எடுத்துக் காட்ட வந்தாள். வேண்டாம், முதலில் சென்டர், அப்புறம் போன் என்று சொல்லிவிட்டேன். ஒழுங்காக ஓடுவதைப் பார்க்காமல் ஓடாததைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சிவகாசியில் இறங்கி ஏழு நிமிஷ நடை. ஞாயிற்றுக்கிழமையிலும் சந்துக்குள் அச்சு மெஷின் சத்தம் இருந்தது. ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஓய்வில்லை என்றார் பேப்பர் கட்டு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர். மையும் பசையும் கலந்த வாசனை. கட்டிங் மெஷினிலிருந்து விழுந்த கலர் துணுக்குகள் வாசலில் காலை மறைக்கும் அளவுக்குக் கிடந்தன. கீழே பேப்பர் ஸ்டோர், 22 படி ஏறினால் மேலே சென்டர். சுவரில் "சி, சி++, 3 மாதம், 3,500 ரூபாய்" என்ற ஃப்ளெக்ஸ்.

உள்ளே 11 மெஷின். எட்டில் விண்டோஸ், அதில் டாஸ்பாக்ஸ் திறந்து, அதற்குள் டர்போ சி. அதே நீலத் திரை. போர்லாண்ட் கம்பெனி டர்போ சி-யை முதலில் விட்டது 1987-இல். நான் கடைசியாகப் பார்த்த நிறம் கொஞ்சமும் மாறாமல் அங்கே இருந்தது. மீதி மூன்றில் லினக்ஸ். ஒன்பது பிள்ளைகள், அதில் ஏழு பேர் பெண்கள். மேசைமேல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் சி புத்தகம், அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியது. பாடம் எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், எல்லோரும் "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். "உட்கார்ந்து பாருங்க சார்" என்று பிளாஸ்டிக் சேர் போட்டார்.

முதலில் லினக்ஸ் மெஷின். ப்ரோகிராமின் உயிர் ஒரே வரிதான். வாய்விட்டுப் படித்தால் இப்படி: வைல், சி சமம் கெட்சார், அது ஈஓஎஃப் (முடிவு) இல்லாதவரை, புட்சார் சி. டென்னிஸ் ரிட்சி சி மொழியை பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது 1972 வாக்கில். பிரையன் கெர்னிஹனோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் 1978-இல் வந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே இந்த வரி இருக்கிறது. வாங்குவது, போடுவது, அப்புறம் எழுத்தை எண்ணுவது, வரியை எண்ணுவது, வார்த்தையை எண்ணுவது என்று அந்த அத்தியாயம் இதன் மேலேயே கட்டிக்கொண்டு போகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சி மொழிக்குள் வாங்கு, போடு என்று ஒரு கட்டளையும் கிடையாது. அவை எல்லாம் கூடவே வரும் நூலகத்தில் இருக்கின்றன. ப்ரோகிராமின் தலையில் எஸ்டிடிஐஓ என்று சேர்ப்பது அதற்காகத்தான்.

ஓட்டினாள். கர்சர் மினுக்கியது. "ஏ அடி" என்றேன். அடித்தாள். திரையில் ஒரு ஏ. "பி." அடித்தாள். ஏ பக்கத்தில் பி. ஒரு எழுத்தை வாங்கித் திருப்பிப் போடும் என்றால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை அல்லவா தெரிய வேண்டும்? தெரியவில்லை. சி-யும் அடித்தாள். எண்டர் தட்டியதும் கீழ் வரியில் மூன்றும் சேர்ந்து ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

நாங்கள் ஏ அடித்தபோது திரையில் தெரிந்தது புட்சார் போட்டது அல்ல, டெர்மினல் தானாகக் காட்டியது. எண்டர் விழும்வரை ஒரு எழுத்துகூட ப்ரோகிராமின் கைக்குப் போகவில்லை. வரி முழுவதையும் டெர்மினல் பிடித்து வைத்திருந்து, எண்டர் தட்டியதும் மொத்தமாக உள்ளே விடுகிறது. அந்தக் குவியலிலிருந்துதான் கெட்சார் ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஒன்றொன்றாக எடுப்பது உண்மை. விசையைத் தட்டியதும் எடுக்கிறது என்பது நாமாக நினைத்துக்கொண்டது.

நீல மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் "ஆனா எனக்கு எண்டர் தட்டாமலே வருது சார்" என்றாள். போய்ப் பார்த்தேன். அவள் போட்டிருந்தது கெட்ச். விசையைத் தொட்டதும் ப்ரோகிராமுக்குப் போய்விடுகிறது, திரையிலும் காட்டுவதில்லை. பக்கத்திலேயே கெட்சீ என்று இன்னொன்று. அது காட்டிவிட்டு எடுக்கிறது. இரண்டும் கோனியோ என்ற தலைப்புக் கோப்பில் வருபவை. டாஸ் காலத்து கம்பைலர்கள் கொடுத்த வசதி, சி மொழியின் தர நூலகத்தில் இல்லாதவை. அதே ப்ரோகிராமை லினக்ஸ் மெஷினுக்குக் கொண்டுபோனால் கோனியோவே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். கொண்டுபோய்ப் பார்த்தோம், நின்றது.

அடுத்த மெஷினில்தான் நான் எதிர்பார்க்காத காட்சி. ஒரு பையன் அதே வரியை அடித்திருந்தான், ஒரு ஜோடி அடைப்புக்குறி மட்டும் விட்டுப்போயிருந்தது. சி சமம் கெட்சார் என்பதைச் சுற்றி ஓர் அடைப்பு வர வேண்டும். அது இல்லை. நான் சுட்டிக்காட்டுவதற்குள் ஓட்டிவிட்டான். ஏ, பி, சி என்று மூன்று எழுத்து அடித்து எண்டர் தட்டினான். நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறிய திரையில் சிரித்த முகம் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு.

எல்லோரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். முகம் எங்கிருந்து வந்தது? சி-யில் "சமமில்லையா" என்று பார்க்கும் குறி, மதிப்பை வைக்கும் சமக்குறியைவிட முந்திக்கொள்ளும். அடைப்பு இல்லாவிட்டால் முதலில் "வந்தது முடிவா, இல்லையா" என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. முடிவு இல்லை என்றால் பதில் 1. அந்த 1 போய் சி-க்குள் உட்கார்கிறது. அடித்த எழுத்து எங்கேயும் சேமிக்கப்படாமல் போய்விட்டது. புட்சார் அந்த 1-ஐ எடுத்து, 1-ஆம் எண்ணுக்கு என்ன படமோ அதைப் போடுகிறது. பழைய ஐபிஎம் பிசி-யின் எழுத்து அட்டவணையில் 1-ஆம் இடத்தில் இருப்பது சிரித்த முகம்.

"மூணுதானே அடிச்சேன், நாலு முகம் எப்படி சார்?" என்றான் பையன். நான் பதில் சொல்வதற்கு முன் கடைசி மெஷினிலிருந்து ஒரு பெண், "எண்டரு" என்றாள். அவள் அம்மா பட்டாசுச் சரம் பின்னுகிறவர், கூலி எண்ணிக்கைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. எண்ணிப் பழகிய வீடு. எண்டரும் ஓர் எழுத்து. அதன் எண் 10. நாம் "முடித்தாயிற்று" என்பதற்கு அடையாளமாகத் தட்டுகிறோம். கெட்சாருக்கு அது வரிசையில் வரும் இன்னொரு ஆள்.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே இருந்தது. ஒரு பெண் பட்டாசுக் கடை பில் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். "இன்னொரு பெட்டி வேண்டுமா? ஒய் அல்லது என்" என்று கேட்கும். ஒய் அடித்து எண்டர் தட்டினாள். கேள்வி இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் கேள்விக்கு ஒய். இரண்டாவதுக்கு, மிச்சம் கிடந்த எண்டரையே பதிலாக எடுத்துக்கொண்டது. மிஸ் இதற்கு எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன் என்று ஒரு வரி போடச் சொன்னார். நீல மெஷினில் சரியானது. லினக்ஸ் மெஷினில் அதே வரி, அதே பழைய குறை. எஃப்ஃப்ளஷ் என்பது வெளியே போகிற பக்கத்தைத் துடைத்து அனுப்பத்தான். உள்ளே வருகிற பக்கத்தில் போட்டால் என்ன ஆகும் என்று தரநிலை எதுவும் சொல்வதில்லை. மிச்சத்தை கெட்சாரைக் கொண்டே எடுத்துத் தீர்த்துவிடுவதுதான் எங்கும் செல்லும் வழி: எண்டர் வரும்வரை அல்லது முடிவு வரும்வரை ஒவ்வொன்றாக வாங்கி விட்டுவிடுவது. "அல்லது முடிவு" என்பதை மறந்தால், எண்டர் வராமலே தீர்ந்துபோன கோப்பில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மிஸ் தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது.

11:15-க்கு டீ. கீழே கடையில் டீ 15, உளுந்த வடை 10. "அண்ணாச்சி, மூணு டீ" என்று அக்கா மகள் உரிமையாகச் சொன்னாள். மிஸ்ஸும் வந்திருந்தார். அவருடைய கேள்வி வேறு: ஈஓஎஃப் என்பதும் ஒரு எழுத்துதானா? கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? அதையும் போனையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குள் சந்தேகம் தட்டியிருந்தது.

மேலே போய் போனை எடுத்தாள். டெர்மக்ஸ் என்ற ஆப், அதில் கிளாங் கம்பைலர். பெயர் ஒன்றை ஒரு கோப்பில் எழுதி, அதை ப்ரோகிராமுக்குள் திருப்பிவிட்டாள். பெயர் வந்தது. அதன் பின்னாலேயே கறுப்புப் பெட்டிக்குள் கேள்விக்குறிகள், நூறு, ஆயிரம், நிற்காமல். நிறுத்தச் சொன்னேன். மறுபடி கம்பைல் பண்ணச் சொன்னேன், மெதுவாக. திரையில் ஊதா நிறத்தில் ஒரு வரி வந்தது. அவள் வழக்கம்போல அதைத் தள்ளிவிடப் போனாள்.

"நில்லு, அதைப் படி."

எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சார்' வகையில் இருக்கும் ஒன்றை −1 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் "சமமில்லை" என்றே வரும் என்று கம்பைலர் எச்சரித்திருந்தது. இத்தனை நாளும் போன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். கெட்சார் என்று பெயர் வைத்திருந்தாலும் அது திருப்பித் தருவது எழுத்து அல்ல, ஓர் எண், வகை இன்ட். எழுத்து வந்தால் 0 முதல் 255 வரை ஏதாவது ஒன்று. தீர்ந்துவிட்டால் இந்தக் கணக்கில் சேராத, எதிர்மறையான ஓர் எண். அதற்குத்தான் ஈஓஎஃப் என்று பெயர், நடைமுறையில் −1. கோப்புக்குள் அப்படி ஒரு எழுத்து கிடையாது. "இனி இல்லை" என்ற சேதியை எண்ணாக மாற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 256 எழுத்து எண்களும் போக இன்னொரு எண்ணுக்கும் இடம் வேண்டும் என்பதால்தான் இன்ட். அக்கா மகள் வாங்கி வைத்ததோ 'சார் சி' என்ற சின்னப் பாத்திரத்தில். அதில் 256 மதிப்புக்குத்தான் இடம். 257-ஆவதாக வந்த −1 உள்ளே திணிக்கப்பட்டு வேறு ஒன்றாக மாறுகிறது.

அது எதுவாக மாறும் என்பதில்தான் போனும் சென்டரும் பிரிகின்றன. சென்டர் மெஷின்களில் இன்டெல் வகை சிப். அங்கே கம்பைலர் 'சார்' என்றால் −128 முதல் 127 வரை என்று வைத்துக்கொள்கிறது. −1 போனால் −1 ஆகவே தங்கும், ப்ரோகிராம் நிற்கும். போனில் ஆர்ம் சிப். அங்கே வழக்கம் 0 முதல் 255. −1 போனால் 255 ஆகிவிடும், 255 எந்தக் காலத்திலும் −1-க்குச் சமமாகாது. ஓடிக்கொண்டே இருக்கும். தரநிலை இரண்டையும் அனுமதிக்கிறது. போன் பழுதில்லை.

ஆங்கிலத்தில் 'சார்' என்ற நாலு எழுத்தை அழித்து 'இன்ட்' என்ற மூன்று எழுத்தை அடித்தாள். ஓட்டினாள். பெயர் வந்தது. நின்றது. எதுவும் பேசாமல் மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்ப சென்டர்ல சரியாத்தானே ஓடுச்சு?" என்று மிஸ் கேட்டார். சரியாக ஓடுவதுபோலத் தெரிந்தது. அதையும் சோதித்தோம். சின்ன ப்ரோகிராம்: புட்சார் மூன்று தடவை, ஏ, 255, பி. அதை ஒரு கோப்பில் விட்டோம். பிறகு லினக்ஸ் மெஷினில் பழைய 'சார் சி' ப்ரோகிராமுக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தோம். ஏ வந்தது. நின்றுவிட்டது. பி-யைக் காணோம். நடுவில் வந்த உண்மையான 255, சின்னப் பாத்திரத்தில் விழுந்ததும் −1 ஆகி, கோப்பு தீர்ந்ததாகப் பொய் சொல்லிவிட்டது. போனில் தவறு கண்ணுக்கு முன்னால் ஓடியது. சென்டரில் அது பாதிக் கோப்பைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருந்தது. படமோ பாட்டோ இருக்கிற கோப்பில் 255 வருவது சர்வ சாதாரணம்.

அதோடு வந்த காரியம் முடிந்தது. ஆனால் படி இறங்கும்போது இன்னொன்று உறுத்தியது. ஒரு எழுத்து, ஒரு எழுத்து என்கிறோமே, ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்தால் கெட்சார் எத்தனை தடவை எடுக்கும்? சிவகாசி. சி, வ, கா, சி. நான்கு. அக்கா மகளும் நான்கு என்றாள்.

அதே சந்தில் நாலு வாசல் தள்ளி ஒரு பழைய அச்சகம் திறந்திருந்தது. டிரெடில் மெஷின் இப்போது மடிப்புக் கோடு போடவும் நம்பர் அடிக்கவும்தான். அதை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் கம்போசிட்டர். மூலையில் ஒரு எழுத்துக் கேஸ், தூசியோடு. "எடைக்குப் போட மனசு வரல" என்றார். சிவகாசி என்று கோத்துக் காட்ட முடியுமா ஐயா என்று கேட்டேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, அதிகம் தேடாமல், கை போன இடத்திலிருந்து எடுத்து எடுத்து ஸ்டிக்கில் வைத்தார். இடது வலது மாறித் தலைகீழாக நின்றது ஊர்.

எண்ணினேன். ஐந்து ஈயத் துண்டு. 'சி' ஒரே வார்ப்பு. வ ஒன்று. க ஒன்று, கால் தனி. மறுபடி சி. "கா-வுக்கு ரெண்டு கை போகணும். சி-க்கு ஒரு கை" என்றார். கேஸின் ஓரத்தில் வளைந்த காலோடு ஒரே துண்டாக ஒரு பழைய 'றா' கிடந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின உருவம். சீர்திருத்தம் வந்ததும் அதுவும் ற, கால் என்று இரண்டாகிவிட்டது. ஆக, எழுத்தின் எண்ணிக்கை அரசாணையிலும் மாறும்.

திரும்ப 22 படி ஏறினோம். எழுத்து எண்ணும் ப்ரோகிராம் தயாராகவே இருந்தது. ஒவ்வொரு கெட்சாருக்கும் ஒன்று கூட்டும், முடிவில் சொல்லும். லினக்ஸ் மெஷினில் சிவகாசி என்று தமிழில் அடித்து எண்டர் தட்டி, முடிவு என்று சொல்ல கன்ட்ரோல் டி. டர்போ சி-யாக இருந்தால் கன்ட்ரோல் இசட் போட வேண்டும். வந்த எண் 22.

எண்டரைக் கழித்தால் 21. நாலெழுத்து ஊருக்கு 21.

சுற்றி நின்றவர்கள் தப்பு என்றார்கள். எண்களை ஒவ்வொன்றாக வரிசையில் போடச் சொன்னேன். 224, 174, 154. அடுத்து 224, 174, 191. பிறகு 224, 174, 181. மூன்று மூன்றாகக் கட்டிக்கொண்டு வந்தன. யூனிகோடில் தமிழுக்குத் தனி வரிசை இருக்கிறது. அதை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'சி' அங்கே ஒன்றல்ல, ச ஒன்று, கொக்கி ஒன்று. ஆக 6 பைட். ச, கொக்கி, வ, க, கால், ச, கொக்கி: குறிகள் ஏழு. ஏழு மூன்று 21. கெட்சார் எடுப்பது எழுத்தை அல்ல, பைட்டை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் இரண்டும் ஒன்று போலத் தெரிந்துகொண்டிருந்தது. அகல எழுத்துகளுக்கென்று கெட்-டபிள்யூ-சார் என்று ஒன்று இருக்கிறது. லொகேல் என்ற மொழி அமைப்பைச் சரிசெய்துவிட்டு கெட்-டபிள்யூ-சாரைப் போட்டதும் எண்டரோடு 8 வந்தது, அதாவது ஏழு. நான்கு என்று சொல்ல அதற்கும் தெரியவில்லை.

அக்கா மகள் தானாக ஒன்று செய்து பார்த்தாள். ஒவ்வொரு புட்சாருக்குப் பின்னும் ஒரு புது வரி விட்டாள். ஊர் உடைந்து, வரிக்கு ஒரு கறுப்புக் கேள்விக்குறியாக 21 வரி இறங்கியது. புது வரியை எடுத்துவிட்டு ஓட்டினாள். சிவகாசி முழுதாக வந்தது. மூன்று பைட்டும் இடையில் எதுவும் புகாமல் வரிசையாகப் போனால்தான் ச என்று ஒட்டும். எங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்கள் எழுதும் மொழியிலேயே போட்டுப் பார்க்கும் ஒரு பயிற்சி, முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். மிஸ்ஸிடம் அதை வேண்டுகோளாகவே வைத்தேன். அடுத்த ஞாயிறு முதல் செய்கிறேன் என்றார்.

2:40-க்கு விருதுநகர் வண்டி. ஜன்னல் ஓரம் அவளுக்கு. திருத்தங்கல் வர பத்து நிமிஷம்தான். அதற்குள் போனை எடுத்துவிட்டாள். எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்து விருதுநகர் என்று அடித்தாள்.

"உங்க கணக்குல எத்தனை மாமா?"

வி, ரு, து, ந, க, ர். ஆறு என்றேன். அச்சகத்து ஐயாவைக் கேட்டிருந்தாலும் ஆறு துண்டுதான் எடுத்திருப்பார் என்று தோன்றியது. போன் 31 என்றது.

"எண்டரைக் கழிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே பையைத் தோளில் மாட்டி எழுந்தாள்.